ஒரு சொல்லை வைத்து நடத்திய வேட்டை

'நாங்கள் யூதர்களை எதிர்க்கவில்லை, ஸியோனிஸ்டுகளைத்தான் எதிர்க்கிறோம்' என்ற வாக்கியம் நம் எழுத்தாளர்களிடையே ஒரு நற்சான்றிதழ் போலப் புழங்குகிறது. இதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி வந்துவிடுகிறது. வாக்கியத்தில் பிழை இல்லை. யூதர் வேறு, ஸியோனிஸம் வேறு என்பது வாஸ்தவம். பாஸல் நகரில் முதல் ஸியோனிஸ்ட் மாநாடு கூடிய அதே 1897-ல்தான் வில்னாவில் யூதத் தொழிலாளர்களின் 'பந்த்' கட்சியும் பிறந்தது. தாங்கள் பிறந்த மண்ணிலேயே சோஷலிஸம் காண்போம் என்று சொல்லி ஸியோனிஸத்தைக் கடுமையாக எதிர்த்த யூதர்கள் அவர்கள். ஆகவே வேறுபாடு உண்மையானது. வாயால் அதைச் சொல்கிறவர்கள் காரியத்தில் அதைக் காப்பாற்றுகிறார்களா என்பதுதான் கேள்வி. இதே வாக்கியத்தை ஓர் அரசாங்கமே தன் கொள்கையாக அறிவித்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நம் முற்போக்கு நண்பர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போருக்கு முன் போலந்தில் சுமார் 33 லட்சம் யூதர்கள் இருந்தார்கள். நாஜிகளின் காலத்தில் அவர்களில் ஏறக்குறைய 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 'பந்த்' கட்சியின் மக்களும் அதோடு போனார்கள். 1946 ஜூலையில், போர் முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, கீல்ட்ஸெ நகரில் உள்ளூர்க் கூட்டம் 42 யூதர்களைக் கொன்றது. தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பின் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். அறுபதுகளின் நடுவில் மிஞ்சியவர்கள் முப்பதாயிரம் பேர் இருந்தால் அதிகம். ஸியோனிஸ்டாக இருந்தவன் எப்போதோ இஸ்ரேலுக்குப் போயிருந்தான். தங்கியவர்களில் பலர் கம்யூனிஸ்டுகள். பலர் யூத மதத்தையே மறந்தவர்கள். தங்களைப் போலிஷ்காரர்கள் என்று நினைத்ததனால் தங்கியவர்கள்.

1967 ஜூன் போரில் இஸ்ரேல் ஜெயித்தது. சோவியத் ரஷ்யாவைப் பின்பற்றிப் போலந்தும் இஸ்ரேலுடனான உறவை முறித்துக்கொண்டது. ஓர் அரசு இன்னோர் அரசோடு உறவை முறித்துக்கொள்வது அரசியல். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஜூன் 19 அன்று தொழிற்சங்க மாநாட்டில் கட்சித் தலைவர் கொமுல்கா பேசியது வேறு. ஒரு குடிமகனுக்கு ஒரே தாய்நாடுதான் இருக்க முடியும், நாட்டுக்குள் 'ஐந்தாம் படை' உருவாக விடமாட்டோம் என்றார். ஒரே தாய்நாடு வேண்டும் என்பது புரிகிறது, அது ஏன் எகிப்தாக இருக்க வேண்டும் என்று கவிஞர் ஸ்லொனிம்ஸ்கி கேட்டதாகச் சொல்வார்கள். யூத அறிஞர் ஒருவரின் பேரனான ஸ்லொனிம்ஸ்கி பிறந்தவுடன் ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்தவராகவே வளர்ந்தவர். அவருக்கும் பின்னால் கணக்குத் தீர்த்தார்கள்.

அடுத்து நடந்தது ஓர் இலக்கிய விவகாரம். மிக்கியேவிச்சின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடகமான 'முன்னோர் விழா'வை இயக்குநர் தேய்மெக் வார்சாவின் தேசிய நாடக அரங்கில் மேடையேற்றினார். ஜார் ஆட்சிக்கு எதிரான வசனங்களுக்கு ஜனங்கள் கைதட்டினார்கள். எந்த ரஷ்யனை நினைத்துத் தட்டுகிறார்கள் என்று அரசுக்குத் தெரிந்தது. 1968 ஜனவரி 30 கடைசிக் காட்சி என்று உத்தரவு வந்தது. காட்சி முடிந்து மாணவர்கள் மிக்கியேவிச் சிலைக்கு ஊர்வலம் போனார்கள். இரண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். பிப்ரவரி 29 அன்று வார்சா எழுத்தாளர் சங்கம் கூடித் தணிக்கையைக் கண்டித்தது. அங்கே இந்த ஆட்சியை மந்தபுத்திக்காரர்களின் சர்வாதிகாரம் என்று சொன்ன கிஸியெலெவ்ஸ்கியைச் சில நாட்களில் தெருவில் அடித்துப் போட்டார்கள். மார்ச் 8 அன்று மாணவர் கூட்டத்தைப் போலீஸும் தடியேந்திய 'தொழிலாளர்'களும் கலைத்தார்கள்.

மாணவர்கள் கேட்டது தணிக்கை ஒழிப்பு. நாடகம் வேண்டும் என்றார்கள். இஸ்ரேல் இதில் எங்கே வந்தது? மார்ச் 11 அன்று பத்திரிகைகள் மூலம் வந்தது. கலகத்தைத் தூண்டியவர்கள் என்று மாணவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு, ஸியோனிஸ்டுகளின் கைவேலை என்று எழுதினார்கள். 'யூதன்' என்று எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெயர்கள் அதைச் சொல்லிவிட்டன. ஆலைகளில் கூட்டம் கூட்டிப் பதாகைகளைக் கையில் கொடுத்தார்கள். 'ஸியோனிஸ்டுகளே தயானிடம் போங்கள்' என்றது ஒன்று. 'ஸியோனிஸ்டுகளே ஸயாமுக்குப் போங்கள்' என்றது இன்னொன்று. ஸியோன் என்பது எங்கே இருக்கிறது என்று தெரியாதவனுக்கும் ஸியோனிஸ்ட் யார் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

பிறகு வேட்டை. சமூகவியலாளர் பவுமன் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். யூதரல்லாத கொலகோவ்ஸ்கியும் நீக்கப்பட்டார். இந்தச் சொல்லுக்கு ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அது யாரையும் விடாது. பத்திரிகை, ராணுவம், ஆஸ்பத்திரி, பதிப்பகம் என்று எல்லா இடத்திலும் பாட்டன் பெயரைத் தேடினார்கள். யூத நாடக அரங்கை நடத்திய ஈதா கமின்ஸ்கா, ஆஸ்கர் பரிந்துரை வரை போன நடிகை, நாட்டைவிட்டுப் போனார். 1971-க்குள் சுமார் 13,000 பேர் போய்விட்டார்கள். குடியுரிமையைத் துறந்தால்தான் வெளியே போகலாம். கையில் கொடுத்த பயணச்சீட்டில், இதை வைத்திருப்பவர் போலந்தின் பிரஜை அல்ல என்று எழுதியிருந்தது. வார்சாவின் க்தான்ஸ்கி ரயில் நிலையத்திலிருந்து கிளம்பிய இவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே இஸ்ரேலுக்குப் போனார்கள். மற்ற 'ஸியோனிஸ்டுகள்' ஸ்வீடன், டென்மார்க், அமெரிக்கா என்று போனார்கள்.

கொமுல்காவின் மனைவியே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மனசில் யூத வெறுப்பு இருந்ததா என்று ஆராய்ச்சி செய்வதில் அர்த்தமில்லை. சொல் கையில் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. இதே சொல்தான் 1952-ல் ப்ராக்கிலும் இருந்தது. வாழ்நாள் கம்யூனிஸ்டான ஸ்லான்ஸ்கியோடு குற்றவாளிக் கூண்டில் நின்ற 14 பேரில் 11 பேர் யூதர்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று மாஸ்கோவில் பதின்மூன்று பேரைக் கொன்றார்கள். மார்கிஷ், பெர்கெல்ஸன், க்விட்கோ, ஹோஃப்ஷ்டைன், ஃபெஃபர் என்ற ஐந்து யித்திஷ் எழுத்தாளர்கள் அதில் இருந்தார்கள்.

அதெல்லாம் ஸ்டாலினிஸ அதிகார வர்க்கத்தின் கதை, காஸாவுக்காகப் பேசும் எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். காஸாவுக்காகப் பேசுங்கள். பல பத்தாயிரம் பேர் செத்திருக்கிறார்கள், குழந்தைகள் பட்டினி கிடந்திருக்கின்றன, மேற்குக் கரையில் குடியேற்றக்காரர்கள் பிறர் நிலத்தைப் பிடுங்குகிறார்கள். இதைச் செய்த அரசை, மந்திரியை, ராணுவத்தைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுங்கள். இஸ்ரேலியப் பத்திரிகைகளிலேயே அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படிப் பேசுகிறவனையெல்லாம் யூத விரோதி என்று வாயடைப்பவர்கள் அந்தச் சொல்லைத் தேய்த்துச் செல்லாக்காசாக்குகிறார்கள். அதுவும் மோசடிதான்.

ஆனால் 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் சுமார் 1,200 பேரைக் கொன்று 250 பேர் வரை பிடித்துக்கொண்டு போனபோது, 'பின்னணியைப் பார்க்க வேண்டும்' என்பதற்கு மேல் நம்மில் சிலருக்கு ஒரு வாக்கியம் ஏன் வரவில்லை? 2024 டிசம்பரில் மெல்போர்னில் ஒரு யூதப் பிரார்த்தனைக் கூடத்துக்குத் தீ வைத்தார்கள். 2025 அக்டோபரில் யோம் கிப்பூர் நாளன்று மான்செஸ்டர் பிரார்த்தனைக் கூடத்தில் நடந்த தாக்குதலில் இருவர் இறந்தார்கள். அதே டிசம்பரில் ஸிட்னியின் பாண்டி கடற்கரையில் ஹனுக்கா விழாவுக்குக் கூடியவர்களில் 15 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இவர்கள் எந்த மந்திரிசபையில் இருந்தார்கள்? யூதன் என்றால் இஸ்ரேல் என்ற சமன்பாடு இவர்கள் தலைமேல் விழுந்தது. எல்லா யூதர்களின் பெயராலும் பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் இஸ்ரேலிய ஆட்சியாளர்களும் அதே சமன்பாட்டைத்தான் மறுபக்கத்திலிருந்து போடுகிறார்கள்.

நம் எழுத்தைப் பார்ப்போம். 'யூத மூளை', 'யூதப் பணம்', 'யூத ஊடகம்' என்பவை நம் கட்டுரைகளில் காரணமாக, விளக்கமாக வருகின்றன. வியப்பாகவும் வருகின்றன: 'உலகத்தையே ஆட்டிவைக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்!' வியப்பும் வெறுப்பும் ஒரே கட்டுக்கதையைத்தான் நம்புகின்றன. ஹிட்லரின் சுயசரிதை தமிழில் முன்னேற்ற நூல்களோடு சேர்த்து விற்கப்படுவது யாரையும் உறுத்துவதில்லை. சொல்லைத் தொழிலாகக் கொண்டவன் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. தான் எழுதிய வாக்கியத்தில் 'ஸியோனிஸ்ட்' என்ற இடத்தில் 'இஸ்ரேல் அரசு' என்று போட்டுப் பார்க்கட்டும். 'ஸியோனிஸ்டுகள் காஸா மீது குண்டு போடுகிறார்கள்' என்ற வாக்கியம் அப்போதும் நிற்கும். 'உலகப் பத்திரிகைகளும் வங்கிகளும் ஸியோனிஸ்டுகள் கையில்' என்ற வாக்கியம் நிற்காது. நிற்காத வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவனே யோசிக்கட்டும்.

இஸ்ரேல் என்ற நாடே இருக்கக்கூடாது என்று எழுதுபவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கே 70 லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். பாக்தாதிலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் கிளம்ப நேர்ந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இவர்கள் எங்கே போவது? ஸயாமுக்கா? பாலஸ்தீனியர்களை எங்காவது போகச் சொல்லும் இஸ்ரேலிய மந்திரியிடம் நாம் கேட்கும் கேள்வியும் இதேதான். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது கேள்வியாகாது.

1968-ல் வார்சாவிலிருந்து ரயிலேறியவர்கள் 'பந்த்' கட்சி சொன்னதை நம்பித் தங்கியவர்களைப் போன்றவர்கள்: பிறந்த மண்ணே போதும் என்றவர்கள். ஸியோனிஸத்தை ஒழிப்பதாகச் சொன்ன ஆட்சிதான் அந்த நம்பிக்கையின் கையில் பயணச்சீட்டைக் கொடுத்து அனுப்பியது. ஸியோனிஸத்துக்கு அதைவிட வலுவான பிரசாரம் டெல் அவீவிலிருந்து வந்ததில்லை.