பன்னிரண்டு பேரும் நம் ஆட்கள்தான்

2019 டிசம்பர் 11. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். நரசிம்மர் கண் திறந்து பார்க்கும் மாதம் என்று சோளிங்கர் மலைப்படியெல்லாம் கூட்டம். அன்று இரவுதான் டெல்லியில் மாநிலங்களவை குடியுரிமைத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. ஆதரவு 125. எதிர்ப்பு 105. அந்த 125-இல் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர், பா.ம.க. உறுப்பினர் ஒருவர்.

பன்னிரண்டை இங்கே கழித்து அங்கே கூட்டிப் பாருங்கள். ஆதரவு 113, எதிர்ப்பு 117. மசோதா தோற்றிருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

நான் அகதி முகாமில் பிறந்தவன். என் அப்பாவும் அம்மாவும் 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி மண்டபத்தில் இறங்கியவர்கள். அங்கே பெயரைப் பதிந்து, பேருந்தில் ஏற்றி, வட ஆற்காட்டுப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். மறுவருடம் நான் பிறந்தேன். இங்கேதான் பள்ளிக்கூடம், இங்கேதான் கல்லூரி. பி.காம். முடித்தேன். செய்வது பெயிண்ட் அடிக்கிற வேலை. முகாமில் என் வயது ஆண்களில் பெரும்பாலோர் கையிலும் பிரஷ்தான். கொண்டபாளையத்திலும் சோளிங்கர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் நான் வெள்ளையடித்த வீடுகள் பல உண்டு. தேர்தல் வந்தால் சுவர் எழுதக் கூப்பிடுவார்கள். இரட்டை இலை, உதயசூரியன், மாம்பழம் எல்லாம் என் கைக்கு நன்றாக வரும். ஓட்டுப் போடும் உரிமை மட்டும் இந்தக் கைக்கு இல்லை.

காரணம், சட்டப்படி நான் இந்தியன் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பின்னால் பிறந்தால் அப்பாவோ அம்மாவோ இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய், 2022-இல் மதுரைக் கிளையின் உத்தரவால் பாஸ்போர்ட் பெற்றார். 2024-இல் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தி வந்த அன்று முகாமே சந்தோஷப்பட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கதவு எனக்குத் திறக்காது. நான் பிறந்த தேதி எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. 2003-இல் செய்த திருத்தம் சட்டத்துக்குள் 'சட்டவிரோதக் குடியேறி' என்று ஒரு பேரைக் கொண்டுவந்தது. அரசாங்கமே பதிவு செய்து, அரசாங்கமே அரிசி கொடுத்து, அரசாங்கமே கணக்கெடுத்து வைத்திருக்கும் எங்களுக்கு அந்தப் பேர் வந்து ஒட்டிக்கொண்டது.

2019-இல் வந்த திருத்தம் யாருக்கெல்லாம் அந்தப் பேரிலிருந்து விடுதலை கொடுத்தது? ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர்களுக்கு. முஸ்லிம் இல்லை. இலங்கை இல்லை. என் அப்பா கிறிஸ்தவர். அம்மா இந்து. இரண்டு மதமும் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் நாடு மட்டும் இல்லை. துன்புறுத்தப்பட்டு ஓடிவந்தவர்களுக்கு அடைக்கலம் என்றார்கள். 1983 ஜூலையில் வீட்டோடு கொளுத்தப்பட்டவர்கள் துன்புறுத்தப்பட்டவர்கள் இல்லையா? குண்டு வீச்சுக்குத் தப்பி, கைக்குழந்தையோடு கடலில் விழுந்து எழுந்து வந்தவர்களுக்கு வேறு என்ன பெயர்?

அந்தச் சட்டம் கொண்டுவந்தவர்கள் எங்களை மறந்தது எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் முகாமை அவர்கள் பார்த்ததில்லை. எங்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது. என் நெஞ்சு வேகிறது நம் ஆட்களை நினைத்துத்தான்.

மக்களவையில் 311-க்கு 80. அங்கே நம்மால் ஒன்றும் செய்திருக்க முடியாது. மாநிலங்களவை அப்படியில்லை. ஆளும் கூட்டணிக்கு அங்கே தனிப் பெரும்பான்மை கிடையாது. வெளியிலிருந்து ஆள் தேவைப்பட்டது. குடியுரிமை விஷயத்தில் டெல்லி தமிழ்நாட்டின் கையை எதிர்பார்த்து நின்ற நாள் அது. "மூன்று நாட்டோடு நாலாவதாக இலங்கையைச் சேர். சேர்த்தால் எங்கள் ஓட்டு, இல்லையென்றால் இல்லை" என்று சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கள் சொல்லை ஏற்றியிருக்க வேண்டிய அம்பலத்தில் நீங்கள் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்கள். எதையும் கேட்டு வாங்காமல் ஓட்டைக் கொடுத்துவிட்டீர்கள். மசோதா தோற்றிருந்தால் உங்களுக்குக் குடியுரிமை வந்திருக்குமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வந்திருக்காது. ஆனால் பேரம் பேச ஒரு நாள் இருந்தது. அந்த நாளை எங்களுக்காக நீங்கள் பயன்படுத்தவில்லை. இனி அப்படியொரு நாள் எப்போது வரும்?

கட்சிக் கொறடா உத்தரவு, மீறினால் பதவி போகும் என்று காரணம் சொல்கிறார்கள். பதவி போவது என்றால் என்ன என்று சோளிங்கருக்கு நன்றாகவே தெரியும். 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் இந்தத் தொகுதியின் என்.ஜி. பார்த்திபனும் ஒருவர். அதனால்தான் 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு இங்கே இடைத்தேர்தலும் சேர்ந்து வந்தது. ஒரே சுவரில் மேலே மாம்பழமும் கீழே இரட்டை இலையும் எழுதினேன். மக்களவைக்கு மக்கள் உதயசூரியனைத் தேர்ந்தெடுத்து ஜெகத்ரட்சகனை அனுப்பினார்கள். சட்டமன்றத்துக்கு இரட்டை இலை ஜெயித்து, ஜி. சம்பத் போனார். அன்றைக்குச் சட்டமன்றத்தில் அ.தி.மு.க.வுக்கு இருந்த எண்ணிக்கையில் சோளிங்கரின் ஓர் இடமும் உண்டு. அந்த எண்ணிக்கைதான் ஜூலையில் மூன்று பேரை மாநிலங்களவைக்கு அனுப்பியது. அ.தி.மு.க.வுக்கு இரண்டு, கூட்டணி ஒப்பந்தப்படி பா.ம.க.வுக்கு ஒன்று.

கொறடா உத்தரவு வானத்திலிருந்து விழுவதில்லை. சென்னையில் உட்கார்ந்து கட்சித் தலைமை எடுக்கிற முடிவு அது. மீறியவரைப் பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பதவி போகாது என்றும் கட்சித் தாவல் தடைச் சட்டமே சொல்கிறது. 2019 ஜூலை 30-ஆம் தேதி முத்தலாக் மசோதா வந்தபோது அதே அ.தி.மு.க. மாநிலங்களவையில் வெளிநடப்பு செய்தது. நாலு மாதம் கழித்து அந்தக் கால்கள் ஏன் எழுந்திருக்கவில்லை? வெளிநடப்பு செய்திருந்தாலும் 113-க்கு 105 என்று மசோதா நிறைவேறியிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்களை விட்டுவிட்ட பட்டியலின் மேல் தமிழ்க் கட்சியின் கைநாட்டு விழுந்திருக்காது.

பா.ம.க.வின் டாக்டர் அன்புமணி அவர்களே, உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். மாநிலங்களவையில் உங்கள் கட்சிக்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான். கட்சியை நிறுவியவர் உங்கள் தந்தை. உங்களை யார் கட்டாயப்படுத்தினார்கள்? 2004-இல் இருந்து 2009 வரை மத்திய சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தீர்கள். பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று 2008-இல் துணிந்து கொண்டுவந்தீர்கள். எவ்வளவு பெரிய கம்பெனிகள் எதிர்த்தாலும் நின்றீர்கள். நிற்கத் தெரிந்தவர் நீங்கள். தர்மபுரியில் ஜெயித்து மக்களவையிலும் இருந்தீர்கள். உங்கள் கட்சி மேடையில் ஈழம் என்ற சொல் ஒலிக்காத வருடம் உண்டா? அந்த மேடைகளுக்கு முன்னால் நின்று என் அப்பா அழுதிருக்கிறார். "எங்கட பிள்ளையளுக்கு இவை ஒரு வழி செய்வினம்" என்று நம்பியிருக்கிறார். மேடையில் அத்தனை வருடம் பேசிய பேச்சுக்கு, அவையில் ஒரே ஒரு ஓட்டு கேட்டோம். அந்த ஓட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது. 2025 ஜூலையில் உங்கள் ஆறு வருடம் முடிந்தது. எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனை நாள் அவைக்கு வந்தீர்கள் என்றெல்லாம் மற்றவர்கள் கணக்குப் பார்க்கட்டும். எனக்கு அந்த ஒரு ஓட்டுதான் கணக்கு.

எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரும் அந்த அவையில் இருந்தார். ராணிப்பேட்டை அ. முகமதுஜான். 2011-இல் ராணிப்பேட்டையில் ஜெயித்தவர், சிறுபான்மையினர் நலத்துறைக்கு அமைச்சராக இருந்தவர். 2021 மார்ச் 23-ஆம் தேதி தேர்தல் பிரச்சாரத்தின்போது இறந்துபோனார். அவரை ஏசுவதற்காக இதை எழுதவில்லை. அவர் ஆன்மா சாந்தி அடையட்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பட்டியலில் இல்லாத மதம் அவருடையது. பட்டியலில் இல்லாத நாடு எங்களுடையது. இரண்டு பேரும் ஒரே மாவட்டம். மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் முஸ்லிம் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். முகாமை விட்டு வெளியே போகவே அனுமதி கேட்க வேண்டிய எங்களால் தெருவில் இறங்கவும் முடியவில்லை. எங்கள் இரண்டு பேரின் வலியையும் அந்த அவையில் எழுந்து சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அப்படிப்பட்டவரையும் எங்களுக்கு எதிரான கணக்கில் கட்சி சேர்த்துவிட்டதே, அது அவருக்கும் செய்த அநியாயம்தான்.

பிறகு நடந்தது இன்னும் கொடுமை. இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்றது எடப்பாடி பழனிசாமியின் அரசு. கையில் ஓட்டு இருந்தபோது கேட்காததை, கொடுத்து முடித்த பிறகு கேட்டால் யார் தருவார்கள்? 2021 மார்ச்சில் வந்த அ.தி.மு.க. தேர்தல் அறிக்கை, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. நீங்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய சட்டம் அது! பதினைந்து மாதத்தில் அது தவறு என்று தெரிந்துவிட்டதா? தெரிந்துவிட்டது என்றால் எங்களிடம் அல்லவா முதலில் வந்து சொல்லியிருக்க வேண்டும்? ஒருவரும் வரவில்லை.

தி.மு.க. எதிர்த்து ஓட்டுப் போட்டது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானமும் போட்டது. முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். வேலூர் மேல்மொணவூரில் முதலமைச்சர் ஸ்டாலினே வந்து புது வீடுகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒழுகாத கூரைக்கு நன்றி சொல்கிறோம், மனதாரச் சொல்கிறோம். ஆனால் அவர்களிடமும் கேட்கிறேன். டெல்லியில் எத்தனை வருடம் மந்திரிகளாக இருந்தீர்கள்? எந்த ஆட்சிக்கு எத்தனை முறை உங்கள் ஆதரவு தேவைப்பட்டது? அப்போதெல்லாம் இந்த ஒரு விஷயத்தை ஏன் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கவில்லை?

2024 மார்ச் 11-இல் சட்டத்துக்கு விதிகள் வந்தன. பட்டியலில் உள்ளவர்கள் விண்ணப்பம் போட்டார்கள், சான்றிதழ் வாங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அகதிக்கு நாடு கிடைத்தால் இன்னொரு அகதிக்கு அதன் அருமை தெரியும். 2025 மே மாதம், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், உலகெங்கிலும் இருந்து வருகிறவர்களை வைத்துக்கொள்ள இந்தியா தர்ம சத்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. யாத்திரை வந்தவன் சத்திரத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஊருக்குப் போவான். நாங்கள் இங்கேயே பிறந்து, இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே பெற்றவர்களைப் புதைத்தும் எரித்தும் இருக்கிறோம். அந்த வருடம் செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த எங்களைப் பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டிக்கமாட்டோம் என ஓர் உத்தரவு வந்தது. ஜெயிலில் போடமாட்டோம் என்பது நிம்மதிதான். ஆனால் உரிமை எங்கே?

உரிமை இல்லாத வாழ்க்கை எப்படி என்று கேளுங்கள். வருவாய் ஆய்வாளர் வந்து தலை எண்ணும் ஆர்.ஐ. செக்கிங் அன்று குடும்பமே முகாமில் இருக்க வேண்டும். அன்று கூலி போச்சு. அரசு வேலைக்கு விண்ணப்பம் போட முடியாது. வங்கிக் கடன் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கும் மேற்படிப்பில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கேள்வி நிற்கும். பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தில் என் மகளின் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "அகதியா, அப்படித் தள்ளி நில்லு" என்றார்கள். அவள் இலங்கையைப் பார்த்ததே இல்லை. அவள் அப்பாவும் பார்த்ததில்லை. 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் 58,000 பேருக்கு மேல் முகாம்களில், இன்னும் 34,000 பேர் அளவில் வெளியே. இத்தனை பேரின் பிள்ளைகளும் இந்தக் கேள்வியோடுதான் வளர்கிறார்கள்.

சோளிங்கர் மக்களே, எனக்கு ஓட்டு இல்லை. உங்களுக்கு இருக்கிறது. மாநிலங்களவைக்கு யார் போக வேண்டும் என்று ஓட்டுப் போடுவது உங்கள் எம்.எல்.ஏ.தான். அவரை அனுப்புவது நீங்கள். அவையில் பல மசோதாக்கள் குரல் வாக்கிலேயே போய்விடுகின்றன. 2020 செப்டம்பர் 20-இல் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் அப்படித்தான் போயின. வாக்கெடுப்பு கேட்டும் கொடுக்கவில்லை. எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் என்று எந்த விவசாயியாலும் காட்ட முடியாது. எங்கள் விஷயத்தில் எண்ணி வைத்த பதிவு இருக்கிறது. யாரும் அழிக்க முடியாது.

அதனால் கேட்கிறேன். அடுத்து எந்தக் கட்சிக்காரர் உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தாலும், 2019 டிசம்பர் 11-இல் உங்கள் கட்சி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். குடியுரிமைச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் பெயரைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவருவீர்களா, கட்சி என்ன சொன்னாலும் அதற்கு ஓட்டுப் போடுவீர்களா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் நம்பாதீர்கள். எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தராதவருக்கு உங்கள் ஓட்டைத் தராதீர்கள். எங்கள் தலைமுறை மூன்றையும் காக்க வைத்தவர்களிடம் எங்களால் கேட்க முடியாததை, எங்களுக்காக நீங்களாவது கேளுங்கள்.