சிவப்பெல்லாம் ஒன்றல்ல

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்போர் இன்ஜின் ஆயிலுக்குக் காட்டும் அக்கறையை கியர்பாக்ஸ் ஆயிலுக்குக் காட்டுவதில்லை. சிவப்பாக இருந்தால் போதும் என்று சில மெக்கானிக்குகளும் கையில் கிடைத்ததை ஊற்றிவிடுகிறார்கள். டார்க் கன்வர்ட்டர் வண்டிக்கான ஆயிலை, பெல்ட்டால் இயங்கும் சிவிடி கியர்பாக்ஸில் ஊற்றினால் பெல்ட் வழுக்கித் தேயும். கையேட்டில் டெக்ஸ்ரான் 6, டொயோட்டா டபிள்யூஎஸ் என எந்த ஆயில் ரகம் குறிப்பிட்டிருக்கிறதோ, அதுவே டப்பாவிலும் இருக்க வேண்டும்.

‘கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று சொல்லப்படுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். நெரிசலிலும் மலைப்பாதையிலும் ஓடும் வண்டிகளுக்குப் பல கையேடுகளே குறைந்த இடைவெளியைச் சொல்கின்றன. ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் தள்ளிப்போடக் கூடாது. மாற்றும்போது டிரெயின் பிளக்கைக் கழற்றினால் பழைய ஆயிலில் ஒரு பகுதிதான் வடியும். மீதி டார்க் கன்வர்ட்டர் போன்ற இடங்களில் தங்கிவிடும். அதனால் ஊற்றிய ஆயிலின் பெயரையும் அளவையும் பில்லில் எழுதித் தருவதை சர்வீஸ் சென்டர்கள் வழக்கமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கோவை