வண்டி பழுதா, சாரதி இல்லையா?

வண்டி நகரவில்லை என்பதற்காக அதனைப் பிளந்து விறகாக்குவார் எவருமிலர். கடையாணி கழன்றதா, சில்லு சேற்றிற் புதைந்ததா, மாடு பூட்டப்பட்டிருக்கின்றதா என்றுதான் முதலிற் பார்ப்பர். வீட்டிலுள்ள பழைய கணனியிடத்து மட்டும் நாம் அந்த நீதியைக் காட்டுவதில்லை. ஒலி கேளாது போனாலும், அச்சுப்பொறி அசையாது நின்றாலும், இணையம் கிட்டாது போனாலும், "பழசாகிவிட்டது, இனி உதவாது" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். விசாரணையின்றிக் கூறப்படும் அத்தீர்ப்புப் பல வேளைகளிற் பிழையானது என்பதே இவ்வாரம் நாம் சொல்ல விழைவது.

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் தொழினுட்பச் சங்கதி அன்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றபின், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எண்ணற்ற குடும்பங்கள் வெறுங்கையுடனேயே வாழ்வை மீளத் தொடங்கின. பின்னர், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. இறக்குமதிப் பொருளாகிய கணனியின் விலையும் அதனோடு ஏறியது. இந்நிலையில், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கணனியோ, இரண்டாங் கையாக வாங்கிய கணனியோதான் பல பிள்ளைகளின் படிப்புக்குத் துணை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகமோ 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அவ்வாயில்களை நோக்கிப் படிக்கும் பிள்ளையின் கணனியை அவசரப்பட்டு ஒதுக்கிவிடுவது, அதன் படிப்பில் ஒரு பகுதியை ஒதுக்குவதற்கு ஒப்பாகும்.

சாரதியும் துபாஷியும்

கணனியின் ஒவ்வோர் உறுப்பையும் இயக்குதற்கு "டிரைவர்" எனப்படும் சிறு மென்பொருள் ஒன்று வேண்டும். நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவரைச் சாரதி என்கின்றோம்; இந்த மென்பொருளைச் செலுத்தி என்றும் இயக்கி என்றும் தமிழில் வழங்குவர். ஆயினும், அது செய்யும் வேலையைப் பார்த்தால் துபாஷி என்பதே பொருந்தும். விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஒரு மொழி பேசுகின்றது. அச்சுப்பொறி வேறொரு மொழி பேசுகின்றது. "இப்பக்கத்தை அச்சிடு" என்ற கட்டளையை அந்த அச்சுப்பொறிக்கு விளங்கும்படி மொழிபெயர்த்துச் சொல்வது செலுத்தியின் கடமை. துபாஷி வரவில்லையென்றால் அரசனும் ஊமை, தூதனும் ஊமை. இருவரில் எவருக்கும் நோயில்லை.

பழைய கணனிகளில் இத்துன்பம் மிகுதியாவது ஏன்? இயங்குதளம் காலத்துக்குக் காலம் மாறுகின்றது. பழைய உறுப்பைச் செய்த கம்பனியோ புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற செலுத்தியை எழுதுவதை நிறுத்திவிடுகின்றது. 2007ஆம் ஆண்டு விண்டோஸ் விஸ்டா வெளிவந்தபோது, அதற்கு முந்திய எக்ஸ்பியில் நன்றாய் ஓடிய அச்சுப்பொறிகளும் வருடிகளும் பல வீடுகளில் ஓய்ந்து போயின. 32 பிட் இயங்குதளத்துக்கென எழுதிய செலுத்தி 64 பிட் இயங்குதளத்தில் ஏறாது என்பது மற்றொரு தடை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் கம்பனி 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 தளமோ ஏறத்தாழ 2018ஆம் ஆண்டுக்கு முந்திய பெரும்பாலான கணனிகளை ஏற்பதில்லை. ஆகவே இவ்வினா இனி மேலும் பல வீடுகளில் எழும்.

நோயறியும் முறை

முதலில், குற்றம் உறுப்பினதா, செலுத்தியினதா என்று பிரித்தறிதல் வேண்டும். வடத்தை மாற்றிப் பாருங்கள். வேறு துளையிற் செருகிப் பாருங்கள். இயலுமாயின் அச்சுப்பொறியை வேறொரு கணனியில் இணைத்துப் பாருங்கள். அங்கு இயங்குமாயின் உறுப்பு நலமாகவே உள்ளது.

அடுத்து, ஸ்டார்ட் பொத்தானின்மீது எலியின் வலப்பக்கத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் "டிவைஸ் மனேஜர்" என்பதைத் திறவுங்கள். கணனியின் உறுப்புகள் யாவும் அங்கே வரிசையாய் நிற்கும். எதன் அருகில் மஞ்சள் நிற வியப்புக்குறி தோன்றுகின்றதோ, அதுவே நோயாளி. அதனை இருமுறை அழுத்தினால் ஓர் எண் காட்டப்படும். 28 என்றால் செலுத்தியே இல்லை என்பது பொருள். 10 என்றால் உறுப்புத் தொடங்க மறுக்கின்றது. 22 என்றால் யாரோ அதனை நிறுத்தி வைத்துள்ளனர். மீண்டும் இயக்கிவிட்டாற் போதும். 43 என்றால் உறுப்பே தன் குறையைத் தெரிவித்தது. இங்கு உண்மையான பழுது இருத்தலும் கூடும்.

பெயரறியா உறுப்பாயினும் கலங்க வேண்டுவதில்லை. அதே சாளரத்தில் "டீற்றெயில்ஸ்" என்னும் பகுதியில் "ஹார்ட்வெயார் ஐடிஸ்" என்பதைத் தெரிந்தால், "வென்" என்ற குறிக்குப்பின் நான்கு எழுத்துகள் தோன்றும். அது செய்த கம்பனியின் அடையாளம். 8086 எனில் இன்டெல். 10இசி எனில் ரியல்டெக். 10டிஈ எனில் என்விடியா. அதையடுத்து "டெவ்" என்ற குறிக்குப்பின் வருவது உறுப்பின் எண். குடும்பப் பெயரும் சொந்தப் பெயரும் கிடைத்தபின் ஆளைத் தேடுவது கடினமன்று.

இனிச் செலுத்தியை எங்கே பெறுவது? கணனியின் அடியில் ஒட்டிய சீட்டில் அதன் மாதிரிப் பெயரும் தொடரிலக்கமும் இருக்கும். அவற்றைக் கொண்டு, கணனியைச் செய்த கம்பனியின் இணையத்தளத்திலேயே தேடுங்கள். இயங்குதளத்தின் பெயரும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் பொருந்த வேண்டும். தாய்ப்பலகையின் "சிப்செட்" செலுத்தியை முதலிலும் ஏனையவற்றைப் பின்னரும் இடுவது நன்று. வலையமைப்பு உறுப்புக்கே செலுத்தி இல்லையென்றால், இணையத்தைத் திறக்கும் திறப்பு இணையத்தினுள்ளேயே அகப்பட்டது போலாகும். அப்போது வேறொரு கணனியில் இறக்கிப் பென்டிரைவிற் கொண்டு வரலாம்; அல்லது கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து, "டெதரிங்" வசதியால் அதன் இணையத்தைப் பகிரலாம். விண்டோஸ் 10இற் பெரும்பாலான அன்ட்ரொயிட் தொலைபேசிகள் தனிச் செலுத்தியின்றியே இவ்வாறு உதவும்.

செய்யத் தகாதவை

"உமது கணனியிற் பழைய செலுத்திகள் பல உள, பணம் செலுத்தினால் யாவற்றையும் புதுப்பிப்போம்" என்று பயமுறுத்தும் மென்பொருள்கள் பல உலவுகின்றன. அவற்றை அணுகாதிருங்கள். பொருந்தாச் செலுத்தியை ஏற்றுவதும், வேண்டாத விளம்பரங்களைக் கூட்டி வருவதும் அவற்றின் வழக்கம். செலுத்திக்குக் காசு கேட்பவர் பெரும்பாலும் அதனைச் செய்தவர் அல்லர்.

நன்றாக இயங்குவதைத் தொடவும் வேண்டாம். செலுத்தி இயங்குதளத்தின் கருவறையில் நின்று பணி செய்வது. அங்கு இடறினால் முழுக் கணனியும் விழும். 2024ஆம் ஆண்டு யூலை 19ஆந் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்புக் கம்பனி தன் செலுத்திக்கு அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால், உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணனிகள் நீலத்திரை காட்டி நின்றன; விமானங்கள் தடைப்பட்டன; மருத்துவமனைகள் திணறின. பெரிய கம்பனிகளுக்கே இக்கதி. ஆகையால், எதையும் மாற்றுமுன் "ரெஸ்டோர் பொயின்ட்" ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். புதிய செலுத்தி ஒவ்வாவிடின், டிவைஸ் மனேஜரில் உள்ள "ரோல் பேக் டிரைவர்" என்ற பொத்தான் பழையதை மீட்டுத் தரும்.

பயோஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளை மாற்றுவதில் இருமடங்கு கவனம் வேண்டும். அவ்வேலையின் நடுவே மின்சாரம் அறுந்தால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகலாம். ஐப்பசி கார்த்திகையில் இடியும் மழையும் பெய்து மின் தடைப்படும் நம் ஊர்களில், மடிக்கணனியின் மின்கலம் நிறைந்திருந்தாலன்றி, அல்லது யூபிஎஸ் துணையிருந்தாலன்றி, அதில் இறங்கலாகாது.

வேறொரு வழி

உரிய செலுத்தி எங்கும் இல்லையென்றால் என் செய்வது? இங்கு ஓர் அச்சுப்பொறியின் கதை நினைவுக்கு வருகின்றது. 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வுகூடத்திற்குச் செரொக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் உடனே அறிவிக்கும்படி அதன் மென்பொருளைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் விரும்பினார். மூல நிரல் மறுக்கப்பட்டது. மென்பொருள் எவரும் திருத்தத் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்ற அவர் கொள்கைக்கு அவ்வனுபவமும் ஒரு காரணமாயிற்று. 1983இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இற் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவுடன் அது இணைந்தது. லினக்ஸின் சிறப்பு யாதெனின், பெரும்பாலான செலுத்திகள் அதன் உள்ளேயே அடங்கியுள்ளமை. செய்த கம்பனி கைவிட்ட உறுப்புகள் பலவும் அதில் இன்றும் இயங்குகின்றன. பென்டிரைவிலிருந்தே அதனை ஓட்டி, வன்தட்டைத் தொடாமல், எவ்வெவ் உறுப்புகள் இயங்குகின்றன என்று சோதிக்கலாம். சில வைபை உறுப்புகளும் சில அச்சுப்பொறிகளும் அங்கும் முரண்டு பிடிப்பதுண்டு. ஆதலால் நிறுவுமுன் சோதனை அவசியம்.

எல்லாப் பழைய கணனிகளும் பிழைக்கும் என்று நாம் கூறவில்லை. கருகிய வாடை வீசும் பலகையையும், கறகறவென ஒலிக்கும் வன்தட்டையும் எந்தச் செலுத்தியும் காப்பாற்றாது. ஆனால் அவை இறந்தன என்று சொல்லுமுன் நாடி பிடித்துப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பணி. கணனி நலமாக உள்ள இன்றே, அதன் மாதிரிப் பெயரையும் உறுப்புகளின் அடையாள எண்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். செலுத்திகளைப் பென்டிரைவ் ஒன்றிற் சேமித்து வையுங்கள். நாளை அயலவர் வீட்டுக் கணனி நின்றுபோனால், கடைக்குத் தூக்குமுன் உங்களை அழைப்பார்கள்.