கடலறிந்தார் முன்னிருக்க

உலகம் வெப்பமுற்று வருகின்றது என்பதும், அவ்வெப்பத்தாற் கடல் உயர்ந்து கரையை அரித்து வருகின்றது என்பதும் இன்று பள்ளிச் சிறாரும் அறிந்தனவே. இத்தீங்கைத் தடுக்கும் வழி யாதெனப் பேரவைகள் பல கூடி ஆராய்கின்றன. கிறிஸ்தவ சபையாரும் ஆங்காங்கே கூடித் தீர்மானங்கள் செய்கின்றனர். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், அவ்வவைகளில் முன்னிருந்து பேசுதற்குரியார் யாவர் என்னும் வினாவைக் கேட்பார் மிகச் சிலர். அவ்வினாவுக்குத் தங்கச்சிமடமும் அதனை அடுத்த கடற்றுறைகளும் தெளிவான விடையொன்று தருகின்றன என்பது நம் துணிபு.

தங்கச்சிமடம் பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே அமைந்த மீனவர் ஊர். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்கு விரிகுடா. இத்தீவினர் கடலின் சீற்றத்தை ஏட்டிற் படித்து அறிந்தவரல்லர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று; பயணிகளோடு வந்த புகைவண்டியையும் வாரிக்கொண்டு போயிற்று. கூரையிழந்த அவ்வூர்த் தேவாலயத்தின் சுவர்களை இன்றும் காணலாம். அஃது ஓரிரவில் வந்த கேடு. இப்பொழுது வருவதோ சிறிது சிறிதாக வருவது. நீரின் வெப்பம் மிகுந்தமையால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் வெளுத்தன. பவளம் மடியுமாயின் மீனுக்கு உறைவிடமில்லை. அலையின் வேகத்தைத் தணிக்கும் அரணுமில்லை. வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு அதனை நம்பித் தொழில் செய்வார்க்கு இம்மாறுதல் நாள்தோறும் அடுப்பங்கரையில் உணரப்படுவதாகும்.

இத்தகைய கரைக்கு வெளியிலிருந்து வரும் உதவியெல்லாம் நன்மையாகவே முடியும் என்பதற்கில்லை. கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசியை இங்கு வளர்க்கும் முயற்சி இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவிற்று. அது குடும்பங்கள் பலவற்றிற்கு ஊதியந் தந்தது மெய். எனினும், சில ஆண்டுகளுக்குள்ளே அப்பாசி குருசடைத் தீவினருகே உயிருள்ள பவளத்தின்மேற் படர்ந்து மூடியதனை ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இதற்கு மறுதலையாக, கடலறிந்தார் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கொன்றைக் காண்போம். பாம்பனைச் சார்ந்த சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்டிர் விரல்களிற் கந்தை சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையிற் படிந்த பாசியைப் பறித்துப் பிழைப்பவர். 1986-இல் இவ்வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாக்கப்பட்டபின், அவர்தம் தொழில் குற்றமெனக் கருதப்படும் நிலை வந்தது. அவர்கள் கூடிப் பேசினர். மாதத்தில் 12 நாளே பாசியெடுப்பது, மீன் இனம்பெருகுங் காலத்தில் அறவே நிறுத்துவது எனத் தமக்குத் தாமே வரம்பு கட்டினர். அவர்களுக்குத் தலைவியாக நின்ற சின்னப்பாலத்து இலட்சுமி மூர்த்தி அம்மையாருக்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கும் தொல்குடித் தலைவருக்கென அமெரிக்க நாட்டுச் சீக்காலஜி என்னும் சங்கத்தார் வழங்கும் பரிசு 2015-ஆம் ஆண்டிற் கிடைத்தது.

இவ்வரம்பு வேதநூலைப் பார்த்து வகுத்ததன்று. ஆயினும் லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தைப் படித்தவர்க்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்பது அங்குள்ள கட்டளை. நிலம் இறைவனுடையது, மனிதன் அதிற் குடியிருப்பவனே என்பது அதன் கருத்து. நாம் அதனைப் பிரசங்கத்திற் கேட்டு வீடு திரும்புகின்றோம். அப்பெண்டிரோ கடலுக்கு ஓய்வு கொடுத்து, அந்நாட்களின் கூலியையும் இழக்கின்றனர். இருவருள் இக்கட்டளையை அறிந்தவர் யாவர் என்பதனை அன்பர்களே சொல்லுக.

மீனவர் குற்றமற்றவரோ எனச் சிலர் வினவுவர். நேரிய வினாவே. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல் பல்லாண்டு இக்கடலிற் பெயர்த்தெடுக்கப்பட்டது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் அமிழ்ந்தமைக்கு அதுவே பெருங்காரணம். விசைப்படகின் மடிவலை கடலின் அடியை உழுதுவிடுகின்றது என நாட்டுப்படகினர் முறையிடுவதும் யாவரும் அறிந்ததே. ஆயின், அக்கல்லை விலைக்கு வாங்கி வீடு கட்டினவர் யாவர்? மடிவலையை முன்னேற்றமெனப் போற்றிப் பரப்பினவர் யாவர்? குற்றத்திற் பங்குடையோர் பலராயிருக்க, ஆலோசனையினின்று மட்டும் ஒருவரை விலக்குதல் நீதியாகாது. மேலும், பிறர் இட்ட தடையை மீற வழி தேடுவோர் உண்டு. தாமே கூடி இட்ட தடையை மீறுவார் ஊரார் முகத்தில் விழித்தல் அரிது.

திருச்சபைக்கு இது புதிய பாடமன்று. கலிலேயாக் கடற்கரையில் ஆண்டவர் தெரிந்தெடுத்தவர் வேதபாரகரல்லர். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த மீனவர். நம் முத்துக்குளித்துறையிலும், தூய பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்திறங்குமுன்னரே, பரதவர் தம் தலைவர்களைக் கொச்சிக்கு அனுப்பித் தாமே துணிந்து இச்சமயத்தை ஏற்றனர். சவேரியாரும் இருமொழியும் அறிந்தாரைக் கூட்டி, செபங்களைத் தமிழிற் பெயர்க்கச் செய்து, அவற்றைத் தாம் மனப்பாடம் செய்த பின்னரே போதித்தார். கற்பிக்க வந்தவர் முதலிற் கற்றார். 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட திருமடலும், தொல்குடியினர் வாழும் நிலத்தைத் தொடும் பெருந்திட்டங்களில் அவர்களையே முதன்மையாகக் கலந்து பேசவேண்டுமெனக் கூறுகின்றது. நம் மீனவர் அரசாங்கப் பட்டியலிற் பழங்குடியினர் எனப் பெயர் பெற்றிலர். எனினும் நெய்தல் நிலத்துத் தொல்குடியினர் அவரேயன்றோ?

சபை எவ்வாறு துணைநிற்றல் கூடுமென்பதற்குப் பசிபிக் கடலின் கார்ட்டரெட் தீவினர் சான்றாவர். கடல் தம் தோட்டங்களிற் புகுந்தமையால், அத்தீவின் முதியோர் 2006-இல் தாமே ஒரு சங்கம் நிறுவி, உர்சுலா ரக்கோவா என்னும் பெண்மணியைத் தலைமை தாங்கச் செய்து, வேறிடம் பெயரத் திட்டமிட்டனர். கத்தோலிக்க சபை பூகன்வில் தீவில் அவர்க்கு நிலம் உதவிற்று. திட்டம் தீவினருடையது, நிலம் சபையினுடையது. இம்முறையே நமக்கும் ஏற்றது.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. 2011-ஆம் ஆண்டும் 2019-ஆம் ஆண்டும் வெளிவந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளின்படி, மீனவர் குடியிருப்பும், படகு நிறுத்துமிடமும், மீன் உலர்த்துங் களமும் வரைபடத்திற் குறிக்கப்பட வேண்டும். படத்தில் இல்லாத களம் நாளை பிறர் கைக்குப் போய்விடும். அப்படங்களையும் விளக்கங்களையும் ஊரார்க்குத் தமிழிற் படித்துக் காட்டி, விடுபட்டவற்றை அவர் வாயாற் கேட்டெழுதி, உரிய காலத்தில் அதிகாரிகளிடம் சேர்ப்பித்தல் கற்றவர் கடன். 2016-இல் பாம்பனில் மீனவரே தொடங்கிய ‘கடல் ஓசை’ வானொலி, அவர் தம் செய்தியைத் தாமே சொல்ல வல்லவர் என்பதனைக் காட்டிற்று. ஆதலின் அவர்க்காகப் பேசுதல் நம் வேலையன்று. அவர் பேசுமிடத்தில் அவர்க்கு இருக்கை கிடைக்கச் செய்தலே நம் வேலை.

இனி நம் சபைகளிலும் சங்கங்களிலும் கடற்கரையைப் பற்றிய கூட்டம் கூடுமாயின், வலையிழுப்பாரும் பாசியெடுப்பாரும் முன்வரிசையில் அமர்க. நாம் பின்வரிசையில் எழுதுகோலோடு அமர்வோம். இதற்கு மனத்தாழ்மை வேண்டும். அத்தாழ்மையை நமக்குக் கற்பித்தவர் சீடருடைய கால்களைக் கழுவியவர் என்பதனை மறவாதிருப்போமாக.