பிறர் மனதை நீங்கள் அறிவீர்களா?



ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வருகிறீர்கள். வாசலில் நின்ற ஒரு சகோதரிக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிறீர்கள். அவர் பதில் சொல்லாமல் கடந்துபோகிறார். ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் உங்கள் உள்ளம் பேசிக்கொண்டே வருகிறது: "நாங்கள் ஊரிலிருந்து புதிதாய் வந்தவர்கள், வசதியற்றவர்கள். அதனால்தான் என்னை அற்பமாக எண்ணுகிறார்." அந்தச் சகோதரியோ, மருத்துவமனையில் இருக்கும் தம் தாயாரை நினைத்துக்கொண்டு நடந்திருக்கலாம். நீங்கள் கண்டது அவர் பதில் சொல்லாததை மட்டுமே. மற்றவை யாவும் நீங்களே சேர்த்தவை.

மனச்சோர்வுற்றோரின் சிந்தனையை 1960களில் ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், அவர்கள் போதிய ஆதாரமின்றியே தங்களுக்கு எதிராக முடிவு செய்வதைக் கண்டார். அவர் வழிவந்த டேவிட் பர்ன்ஸ், 1980இல் வெளிவந்த தமது நூலில் இத்தகைய சிந்தனைப் பிழைகளைத் தொகுத்து, அவற்றில் ஒன்றை 'மனதை வாசித்தல்' என்று குறிப்பிட்டார். சோர்ந்த மனம் தன்னைக் குறித்துத் தான் எண்ணுவதையே பிறர் முகத்தில் காண்கிறது.

இதன் ஆபத்து யாது? அடுத்த ஞாயிறு நீங்கள் கடைசி வரிசையில் அமர்ந்து, முதல் ஆளாய் வெளியேறுகிறீர்கள். தொலைபேசி அழைப்பையும் எடுப்பதில்லை. 'இவர் தனிமையை விரும்புகிறார்' என்று மற்றவர்களும் விலகுகிறார்கள். உங்கள் கற்பனை மெய்யாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. உறவினர் இல்லாத நகரத்தில், இருந்த ஒரு வாசலையும் நீங்களே அடைத்துவிடுகிறீர்கள்.

உதடுகள் அசைந்தும் சத்தம் கேளாததைக் கண்ட ஆசாரியனாகிய ஏலி, அன்னாளைக் குடிவெறி கொண்டவளாக எண்ணினான் (1 சாமுவேல் 1). அனுபவமிக்கவனும் முகம் பார்த்துத் தவறினான். அன்னாளோ மனம் கசந்து விலகிப்போகாமல், தன் துக்கத்தை எடுத்துச் சொன்னாள். ஏலியின் எண்ணம் மாறிற்று.

ஆகவே, ஒரு தாளில் நீங்கள் கண்டதை ஒருபுறமும் ஊகித்ததை மறுபுறமும் எழுதுங்கள். வேறு காரணங்கள் மூன்றை யோசியுங்கள். பின்பு, "அக்கா, அன்று முகம் வாடியிருந்ததே, சுகந்தானா?" என்று கேளுங்கள். மெய்யாகவே அவருக்கு வருத்தம் இருப்பினும், கேட்டால்தானே பேசித் தீர்க்கலாம்?

சோர்வும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். அது விசுவாசக் குறைவு அன்று. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416இல் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இந்த வாரம் யாருடைய மௌனம் உங்களை வருத்துகிறதோ, அவரிடமே கேட்டுவிடுங்கள்.