ஜாஸ் யார் வீட்டுச் சொத்து?

தமிழில் யாராவது ஜாஸ் பற்றி எழுதினால் முதல் ஆளாக ஓடிப்போய்ப் படிக்கிறவன் நான். படித்து முடித்ததும் பெரும்பாலும் எரிச்சல்தான் மிஞ்சும். இசையைப் பற்றி நாலு வரி இருக்கும், அலமாரியைப் பற்றி நாற்பது வரி இருக்கும். எந்த வருடத்து அச்சு, எந்த நாட்டு அச்சு, ஊசி என்ன விலை, ஆம்ப்ளிஃபயரில் வால்வு எத்தனை. கடைசியில் ஒரு பெருமூச்சு: "இதெல்லாம் எல்லாருக்கும் புரியாது." அந்த 'எல்லாருக்கும்' என்கிற சொல்லுக்குள் நானும் இருக்கிறேன். என் சண்டை அந்தச் சொல்லோடுதான்.

எனக்கு ஊர் கோட்டைக்குப்பம். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற மீனவர் குப்பம். 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய இடம் எங்கள் பக்கம்தான். கோட்டை போய்விட்டது, குப்பம் இருக்கிறது. அப்பா ஏரியில் இறாலுக்கு வலை போடுகிறவர். நான் வேலைக்குப் பொன்னேரி போய்வருகிறேன். ஒன்பது வருடமாக ஜாஸ் கேட்கிறேன். என்னிடம் ஓர் இசைத்தட்டுகூடக் கிடையாது. உப்புக்காற்றில் சீலிங் ஃபேனே துருப்பிடித்துக் கொட்டுகிற வீட்டில் எந்த ஊசி உயிரோடு இருக்கும்? ஒரு ஃபோன், காதில் மாட்டுகிற ஒயர், எப்போதாவது ஒரு சின்ன ஸ்பீக்கர். இவ்வளவுதான் என் 'கலெக்‌ஷன்'.

என்னிடம் இரண்டு தரப்பிலிருந்து ஒரே கேள்வி வருகிறது. மேலே இருப்பவர்கள் கேட்கிறார்கள்: "உங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமா?" பக்கத்தில் நிற்கிற தோழர்கள் கேட்கிறார்கள்: "நம்ம மக்களோட இசை இவ்ளோ இருக்கும்போது உனக்கு எதுக்குப்பா இது?" முதல் கேள்வியில் வியப்பு, இரண்டாவதில் அக்கறை. இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: நீ இருக்க வேண்டிய இடம் இது இல்லை.

முதலில் மேலே இருப்பவர்களுக்கு. 

ஜாஸ் ஏதோ வெல்வெட் நாற்காலியில் பிறந்ததுபோல் பேசுகிறீர்கள். அது நியூ ஆர்லியன்ஸ் என்கிற துறைமுகத்தில், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் கையில் பிறந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் சின்ன வயதில் வண்டியில் கரி ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போட்டவர். கிளாரினெட் மேதை ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். பகலில் உடம்பு நோக வேலை, ராத்திரியில் வாசிப்பு. இதை எங்கள் குப்பத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விளக்க வேண்டியதெல்லாம் சொகுசு ஓட்டல் பால்ரூமில் ஒயின் கிளாசோடு கண்ணை மூடித் தலையாட்டுபவர்களுக்குத்தான்.

அடுத்து, இசைத்தட்டு. ஒரிஜினல் அச்சில்தான் உண்மையான ஒலி இருக்கிறது, ஃபோனில் கேட்பது கேட்பதே இல்லை என்கிறீர்கள். சரி, உங்கள் சாமியறையில் இருக்கிற தட்டையே எடுத்துக்கொள்வோம். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. அந்த வருடம் மார்ச் 2-ஆம் தேதி பதிவின்போது ஓடிய டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதைச் சரியான வேகத்தில் போட்டதும் சுருதி ஒரு நூல் ஏறிவிட்டது. முதல் பக்கத்தில் இருக்கிற மூன்று பாடல்களும் அப்படியே அச்சாகி, 1992-இல் திருத்தும்வரை முப்பது வருடத்துக்கும் மேல் அப்படியே விற்றன. அதாவது, லட்சக்கணக்கான பேர் பொக்கிஷமாக வைத்திருக்கும் அந்த முதல் அச்சில் முதல் பக்கத்தின் சுருதியே பிசகு. ஃபோனில் திருத்திய பதிப்பைக் கேட்கிற கோட்டைக்குப்பத்துக்காரன் அந்த அறையில் வாசித்த சுருதியைக் கேட்கிறான். நீங்கள் காசு கொடுத்துப் பிழையை வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. மொபைல் ஃபிடெலிட்டி என்கிற அமெரிக்கக் கம்பெனியின் இசைத்தட்டுகளை சேகரிப்பாளர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மூல டேப்பிலிருந்து நேரே தட்டுக்கு, நடுவில் டிஜிட்டல் என்பதே கிடையாது, அந்தக் கதகதப்பு காதிலேயே தெரிகிறது என்றெல்லாம் எழுதினார்கள். 2022 ஜூலையில் உண்மை வெளியே வந்தது. பல வருடங்களாகவே அவர்கள் நடுவில் டிஜிட்டல் கோப்பு வைத்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். வழக்கு, நஷ்டஈடு என்று அது போனது. நான் கேட்பது வேறு. அந்தத் தங்கக் காதுகள் அத்தனை வருடமும் என்ன செய்துகொண்டிருந்தன? அவை கேட்டது இசையையா, விலைச்சீட்டையா?

சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் பழைய பதிவுகள் பாதி அழிந்திருக்கும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. குப்பையில் போன 78 சுழற்சித் தட்டுகளைத் தேடித் தேடிக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான், அவர்களுக்கு வணக்கம். ஆனால் காப்பாற்றுவது வேறு, பூட்டி வைப்பது வேறு. தெலோனியஸ் மங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் 1957 நவம்பரில் கார்னகி ஹாலில் சேர்ந்து வாசித்த பதிவு 2005-இல் கண்டெடுக்கப்பட்டதே, அது எங்கே கிடைத்தது? யாருடைய வீட்டு அலமாரியிலும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில், ஒரு பொது நிறுவனத்தில். டேப்பைப் பெட்டி பெட்டியாக ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஊழியர் கண்ணில் பட்டது. அதே வருடம் உலகமே கேட்டது.

இசைத்தட்டைப் பற்றிப் பேசும்போது யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து 78 தட்டு எதனால் ஆனது? அரக்கு. அது பெரும்பகுதியும் நம் நாட்டிலிருந்து போனது. சோட்டா நாக்பூர் காடுகளில் ஆதிவாசிகள் மரக்கிளையில் அரக்குப் பூச்சி வைத்து, சுரண்டி, விற்ற அரக்கு. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து சிக்கலானதும் 1942-இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்கு கொடுப்பதையே வெட்டிக் குறைத்தது. அப்போது ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட் எதன்மேல் கீறப்பட்டு உலகம் சுற்றியது? காட்டுவாசியின் கூலி உழைப்பின்மேல். "இது நம்ம கலாச்சாரம் இல்லையே" என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். சாமான் எங்களுடையது, உழைப்பு எங்களுடையது, கேட்கிறபோது மட்டும் நாங்கள் அந்நியர்களா?

*

இப்போது தோழர்களுக்கு.

அமெரிக்கா ஜாஸை ஆயுதமாகப் பயன்படுத்தியது என்பது உண்மை. 1955-இலிருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர் ராத்திரிதோறும் ஜாஸ் போட்டார். நிதானமான ஆங்கிலம், சிற்றலை வானொலி, குறி சோவியத் பக்கம். 1958-இல் டேவ் புரூபெக்கை அரசுச் செலவில் ஊர் ஊராக அனுப்பினார்கள், சென்னைக்கும் வந்தார். ஆனால் அனுப்பியவன் கணக்கும் வாசித்தவன் கணக்கும் ஒன்றா? 1957-இல் லிட்டில் ராக் நகரத்தில் கறுப்பினக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் தடுத்தபோது, அரசு ஏற்பாடு செய்த சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்று சொன்னவர் அதே ஆம்ஸ்ட்ராங். அந்தப் பக்கம் கேட்டவர்களும் சாமானியர்கள் இல்லை. தட்டு கிடைக்காத சோவியத் இளைஞர்கள் ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட எக்ஸ்ரே படலத்தில் பாட்டைக் கீறிக் கேட்டார்கள். யாரோ ஒருவருடைய விலா எலும்பின்மேல் ஜாஸ் ஓடியது. கேட்கிற வெறி இருந்தால் போதும், அதற்கு அலமாரி தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"கானாதான் சென்னையோட ஜாஸ், அதைக் கேளு" என்றார் ஒரு நண்பர். கானாவும் கேட்கிறேன் சார். சாவு வீட்டில் விடிய விடிய கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் கானாவுக்கு எதற்கு ஜாஸ் என்கிற பட்டம்? கானா கானாவாக இருந்தால் மதிக்க மாட்டீர்களா? என்னைக் கானாவோடு நிறுத்தி வைப்பதற்குப் பெயர் பண்பாட்டு அரசியல் என்றால், மயிலாப்பூர்க்காரர் மொஸார்ட் கேட்டால் அதற்குப் பெயர் ரசனை என்றால், சாதி இன்னும் காதுவரைக்கும் வந்து நிற்கிறது என்றுதான் அர்த்தம். 

கோல்ட்ரேனின் 'அலபாமா' ஒருமுறை ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மீன் ஆய்ந்துகொண்டே, "இன்னாடா, யாரு செத்துட்டாங்க?" என்றார். 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரத்துச் சர்ச்சில் வெள்ளை இனவெறியர்கள் குண்டு வைத்ததில் நாலு சிறுமிகள் செத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்துப் பதிவான வாசிப்பு அது. சொன்னேன். "இன்னா வயசு?" என்றார். மூன்று பேருக்குப் பதினாலு, ஒருத்திக்குப் பதினொன்று. அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மாவுக்கு ஜாஸ் 'புரிந்துவிட்டது' என்று சொல்ல வரவில்லை. மறுநாள் அதே கோல்ட்ரேனின் வேறொன்றைப் போட்டபோது, "கொஞ்சம் அமத்துடா, தலை வலிக்குது" என்றார். அதுவும் கேட்பதுதான். பிடித்தால் நிற்பது, பிடிக்காவிட்டால் அணைக்கச் சொல்வது. பிடிக்காததையும் பிடித்த மாதிரி உட்கார்ந்து கேட்பதுதான் உயர்ந்த ரசனை என்று எங்கள் வீட்டில் யாரும் நினைப்பதில்லை.

*

கச்சேரிக்குப் போவது பற்றிச் சொல்கிறேன். போன வருடம் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஜாஸ் ராத்திரி. டிக்கெட் என் மூன்று நாள் சம்பளம். வாசலில் நின்றவர் என் பையைப் பார்த்துவிட்டு, "டெலிவரியா? அந்தப் பக்கம் வாங்க" என்றார். அதை விடுங்கள், அவரும் என்னைப் போல மாதச் சம்பளக்காரர்தான். எட்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள், ஒன்பதேகாலுக்குத் தொடங்கினார்கள். பொன்னேரிக்கு ரயில் கிடைத்தாலும் அங்கிருந்து பழவேற்காட்டுக்கு ராத்திரியில் பஸ் கிடையாது. சாக்ஸஃபோன்காரர் அப்போதுதான் சூடாகிக்கொண்டிருந்தார், நான் எழுந்து வந்தேன். பக்கத்து மேசையில் அவர் வாசித்த நேரம் முழுக்க வீட்டு மனை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கார் வைத்திருப்பவன் கடைசிவரை உட்காருகிறான், கேட்க வந்தவன் பாதியில் போகிறான். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். திட்டம் போடாமலே இப்படித்தான் நடக்கும் என்பதுதான் பிரச்சினை.

ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் விழா நடத்தியபோது சிலர் கேலி செய்தார்கள், சிலர் புல்லரித்தார்கள். நான் இரண்டும் செய்ய மாட்டேன். கர்னாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில் ஏறியது நல்ல காரியம். ஆனால் 'குப்பத்துக்கு இசையைக் கொண்டுபோனார்கள்' என்று செய்தித்தாள் எழுதும்போதுதான் பல்லைக் கடிக்கிறேன். குப்பத்தில் இசை இல்லாமலா இருந்தது? எங்களுக்கு யாரும் கொண்டுவந்து தர வேண்டாம். நாங்கள் வருகிற வழியில் கதவைத் திறந்து வையுங்கள், போதும்.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக ஓடுகிற இடங்கள் யாருக்கும் சொந்தம் கிடையாது. சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. உன் முறை வரும்போது ஏரி உன்னுடையது, முறை முடிந்தால் விலகிவிட வேண்டும். முதன்முதலில் ஒரு ஜாஸ் குழு எப்படி வாசிக்கிறது என்று புரிந்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு தாளக்கட்டு கொண்ட ஒரு ப்ளூஸ். டிரம்பெட்காரர் தன் முறையை வாசிப்பார், மற்றவர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முடிந்ததும் சாக்ஸ், அப்புறம் பியானோ. பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, முறை எல்லாருக்கும் உண்டு. 1975-இல் ஜான் மெக்லாக்லினின் 'சக்தி' குழுவில் நம் விக்கு விநாயக்ராம் கடத்தோடு உட்கார்ந்தபோது நடந்ததும் அதுதான். இங்கே பக்கவாத்தியத்துக்கும் பக்கத்தில் வைக்கப்பட்ட மண்பானை, அங்கே கிதாருக்குச் சமமாகத் தன் முறையை வாங்கியது.

பாட்டை அழகாகக் காட்டிவிட்டு நான் தப்பிக்கக் கூடாது. அந்த 'எல்லாரும்' யார்? பட்டினவர் சாதி, அதிலும் ஆண்கள். அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குப் பாடு கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்குள் சமத்துவம், வெளியே இருப்பவர்களுக்குக் கதவு. சேகரிப்பாளர்களின் அறையும் அப்படித்தான். உள்ளே நாலு பேர் ஒருவருக்கொருவர் தட்டு மாற்றிக்கொண்டு அன்பாக இருப்பார்கள். அதனால்தான் அந்த அறையைப் பார்த்தவுடனே எனக்கு அது என்ன என்று தெரிந்துவிடுகிறது. இங்கே ஏரியில் அந்தக் கதவைத் திற என்று கேட்காமல் அங்கே மட்டும் கேட்க எனக்கு வாயில்லை. இரண்டு இடத்திலும் கேட்கிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கச்சேரியை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள், கடைசி பஸ் பிடிக்கிறவனும் முழுசாகக் கேட்கட்டும். ஓட்டலில் நடத்துவதைப் பள்ளிக்கூட மைதானத்தில், பூங்காவில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். மாவட்ட நூலகங்களில் ஹெட்ஃபோனோடு நாலு நாற்காலி போடச் சொல்லி அரசிடம் கேளுங்கள். ஐயாயிரம் தட்டு வைத்திருப்பவர்களே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். தட்டு தேய்ந்துபோகும் என்று பயமா? தேயட்டுமே. தேய்கிற வரைக்கும் கேட்பதற்குத்தானே அதை அச்சடித்தார்கள்?

உங்கள் சாவு ஊர்வலத்தில் அந்த அலமாரி கூட வராது. பிள்ளைகள் எடைக்குப் போடுவார்கள், இல்லை இன்னொரு சேகரிப்பாளருக்கு விற்பார்கள். அதற்குள் யாராவது ஒரு பொன்னேரிப் பையன், ஒரு இருளர் வீட்டுப் பெண், அதில் ஒரு பக்கத்தையாவது கேட்டிருந்தால் அந்தத் தட்டுக்கு அதன் முறை வந்துபோனது என்று அர்த்தம். இல்லையென்றால் அது வெறும் பிளாஸ்டிக் வட்டம். அதைத் துடைத்துத் துடைத்து வைத்ததற்கு ரசனை என்று பெயர் வைக்காதீர்கள்.