ஊதாரித் தலைவர் என்னும் அபவாதம்

பசிபிக் மகாசமுத்திரத்தில் 21 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட நவுருத் தீவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அன்னியர் மனமுவந்து அளித்த சுதந்திரத்தையும் பாஸ்பேட் ஐசுவரியத்தையும் கைநீட்டிப் பெற்று, இரண்டையும் சீரழித்தவர் அதன் முதல் ஜனாதிபதி ஹாமர் டிரோபர்ட் என்று சொல்லி முடிப்பது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது.

சுதந்திரம் தானமாக வந்ததாம்! யுத்த காலத்தில் ஜப்பானியர் ட்ரக் தீவுக்கு நாடுகடத்திய சுமார் 1,200 பேரில் ஒருவராய்ப் பட்டினியையும் கொடிய வேலையையும் அனுபவித்து, 1946 ஜனவரி 31-ஆம் தேதி, எஞ்சிய 800-க்கும் குறைவானவர்களோடு ஊர் திரும்பியவர் டிரோபர்ட். தோண்டித் தீர்ந்த பூமியில் இம்மக்களை வைத்திருப்பதெப்படி என்று யோசித்த, அப்போது தீவை நிர்வகித்துவந்த ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்துக் கரையருகே கர்ட்டிஸ் தீவைக் காட்டித் தன் பிரஜா உரிமையையும் தருவதாகச் சொன்னபோது, சுயாட்சியற்ற அவ்வாழ்வு வேண்டாமென்று 1964-இல் அவர் தலைமையில் மறுத்துவிட்டார்கள். தங்கள் மண்ணில் நடந்த பாஸ்பேட் தொழிலையே 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வாங்க 1967-இல் உடன்பட்டவர்களைத் தானம் பெற்றவர்கள் என்பது எந்த நியாயமோ, அறியோம். அகதிகள் திரும்பிய அதே ஜனவரி 31 அன்றுதான் 1968-இல் அவர்கள் சுதந்திர தினம் கொண்டாடினார்கள்.

அவர் எதேச்சாதிகாரி என்பதற்கு நீண்ட சமாதானம் வேண்டியதில்லை. பதினெட்டே உறுப்பினர் கொண்ட பாராளுமன்றம் 1976-இலும் 1989-இலும் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது, அவரும் இறங்கினார்.

இனி, தீவைப் பாலையாக்கினார் என்னும் ஆக்ஷேபம். மூன்று அரசுகளின் பெயரால் இயங்கிய பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷன், உலகச் சந்தை விலைக்குக் குறைவாகத் தங்கள் தேசத்து உழவர்களுக்கு உரம் விற்று, சுதந்திரத்துக்கு முன்பே நிலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைச் சுண்ணாம்புக் கற்கூர்களாக்கிவிட்டிருந்தது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டிடம், சிறிய தேசத்துக்குப் பொருந்தாத விமானக் கம்பெனி ஆகிய ஆடம்பரங்களுக்கு அவர் பொறுப்பாளியே. அதை மறைப்பது வக்கீல் வாதமாகும். ஆயினும் நவுருவின் பணத்தில் 1993-இல் லண்டனில் அரங்கேறித் தோற்ற லியனார்டோ இசை நாடகத்தையும் அவர் தலையில் கட்டுவோர், அதற்கு முந்திய ஆண்டே அவர் காலமாகிவிட்டதை விசாரிப்பதில்லை.

செலவழிக்க மட்டுமே அறிந்தவராயின், இலங்கைச் சட்ட அறிஞர் வீரமந்திரியின் தலைமையில் நிலச் சீரமைப்பை விசாரிக்கும் குழு அவர் ஆட்சியில் எதற்காகப் பணி செய்தது? அதன் பயனாக, பதவியிழப்பதற்கு மூன்று மாதம் முன்னே, 1989 மே மாதத்தில், ஆஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது அவருடைய அரசாங்கமே. வழக்கை விசாரிக்கவே கூடாதென்ற ஆஸ்திரேலியாவின் பிரதான ஆட்சேபங்கள் 1992 ஜூனில் நிராகரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அது 10 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்பி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.